வாடகைக்குப் போன கூடம்

வேன் ஓட்டுபவர் இரண்டாம் தடவையாகக் கேட்டார்.

"எங்கம்மா கொண்டு போறது? வீட்டுக்கா, இல்ல எங்க மண்டபத்துக்கா?"

ஆஸ்பத்திரியின் பின்வாசல் அது. இறுதிச் சடங்கு நடத்தும் மலர்ச்சாலைகளின் வேன்கள் வந்து நிற்கும் இடம். மழைக்கு முந்திய புழுக்கம். யாரோ பாதியில் விட்டுப்போன சோற்றுப் பார்சலை ஒரு காகம் இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளே என் கணவர் மனோகரன் கிடந்தார். காலையில் மூச்சுத் திணறல் கூடியது. பகல் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"வீட்டுக்குத்தான். இது என்ன கேள்வி" என்று என் தம்பி ரவி முந்திக்கொண்டு சொன்னான்.

"கொஞ்சம் பொறு" என்றேன்.

ரவி என்னைத் திரும்பிப் பார்த்தான். வேன்காரரும் பார்த்தார். கணவனின் உடலை வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று கேட்டால், பொறு என்று சொல்லும் பெண்ணை அவர் தன் தொழிலில் பார்த்திருக்க மாட்டார்.

எங்களுக்குச் சொந்தமாக வீடு இருந்தது. அதில் அவரைக் கிடத்த இடம் இருக்கவில்லை. அந்த வாசலில் நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை என் வேலைக் கதைகளைத்தான் எழுதி வந்தேன். கண்டி டவுனில் ஒரு இரும்புச் சாமான் மொத்தக் கடையில் கணக்கு எழுதும் பெண் நான் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். இந்த வாரம் வீட்டுக் கதை.

ஹோல் பெருசா இருக்கணும்

நானும் மனோகரனும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். வெவ்வேறு தோட்டங்கள், ஒரே மாதிரி லயன் காம்பரா. ஒரு அறை, முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு. சமையல், படுக்கை, படிப்பு, பிரசவம் எல்லாம் அதற்குள்தான்.

அவருடைய அம்மா இறந்தபோது அடை மழை. அறைக்குள் ஆட்கள் நிற்க இடமில்லாமல் உடலை இஸ்தோப்பில் வைத்தார்கள். கூரைத் தகரம் ஒழுகியது. அவருடைய மாமன்மார் இருவர் ஒரு பிளாஸ்டிக் விரிப்பை மேலே பிடித்துக்கொண்டு இரவெல்லாம் நின்றார்களாம். கை மாற்றும்போதெல்லாம் தேங்கிய தண்ணீர் அம்மாவின் காலில் கொட்டியதாம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் இதை என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு சொன்னதே இல்லை.

குண்டசாலையில் ஒரு துண்டு நிலம் வாங்கி, வங்கிக் கடனில் வீடு கட்டத் தொடங்கியபோது மேசன் வரைபடத்தைக் காட்டினார். மனோகரன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஹோல் பெருசா இருக்கணும் பாஸ். மத்தது எப்படி வேணும்னாலும் போடுங்க."

மேசன் அப்படியே போட்டார். முன் கூடம் பெரிதாகவும் மற்ற அறைகள் சின்னதாகவும் ஒரு வீடு அமைந்தது. கதிரைகளுக்குப் பணம் போதவில்லை. வெறும் சிவப்புச் சீமெந்துத் தரையில் எங்கள் மகள் மாலினி கயிறடித்து விளையாடுவாள். குரல் எதிரொலிக்கும். அந்த எதிரொலி அவருக்குப் பிடிக்கும். வேலை விட்டு வந்ததும் சும்மா ஒரு தரம் கனைத்துப் பார்ப்பார்.

இரும்பு விலைக்கு

அவர் டவுனில் ஒரு அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், வருடக் கடைசியில் கலண்டர், பள்ளித் தவணை தொடங்கும் முன் பயிற்சிக் கொப்பி. சட்டையில் எப்போதும் மையும் மண்ணெண்ணெயும் மணக்கும். எவ்வளவு தோய்த்தாலும் போகாது. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைச் சுருக்குவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் கடதாசி இல்லாமல் போனது. முதலில் விலை ஏறியது, பிறகு சரக்கே வரவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் அழைப்பிதழை ஃபோனிலேயே அனுப்பப் பழகிக்கொண்டார்கள். கடதாசி திரும்பி வந்த பிறகும் அவர்கள் திரும்பி வரவில்லை.

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. தாக்குப்பிடித்துப் பார்த்தார். பாதிச் சம்பளம், பிறகு வேலை இருக்கும் நாளுக்கு மட்டும் சம்பளம், பிறகு ஒன்றுமில்லை. மெஷினை வாங்க ஆள் வரவில்லை. பழைய இரும்புக்காரர்தான் வந்தார். வாசலால் வெளியே எடுக்க முடியாத அளவு பெரிது என்பதால் உள்ளேயே வைத்து காஸ் விளக்கால் வெட்டினார்கள். உருளைகளை உருட்ட மனோகரனையே கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்குக் கூலியும் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து கை கழுவினார். "கிலோ கணக்குல நிறுத்தாங்க" என்றார். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

அதே காலத்தில்தான் வங்கி வட்டி ஏறியது. வட்டி மாறக்கூடிய கடன் என்று கையெழுத்து வைக்கும்போது சொல்லியிருந்தார்களாம். மாறும் என்றால் இவ்வளவு மாறும் என்று யாருக்குத் தெரியும். என் சம்பளத்தில் தவணையைக் கட்டினால் அரிசிக்கு இல்லை. அரிசி வாங்கினால் தவணைக்கு இல்லை.

வீட்டை விற்கலாம் என்றேன். சில நாள் கழித்து அவரே வந்து சொன்னார்.

"முன் பக்கத்த வாடகைக்கு விடுவோம். நமக்கு ரெண்டு பேருக்கு எதுக்கு ஹோல்?"

மாலினி அப்போது கல்யாணமாகிக் கொழும்பில் இருந்தாள். கணவனோடும் மாமியாரோடும் ஒன்றரை அறையில்.

பலகைக்கு இந்தப் பக்கம்

விறாந்தை, கூடம், இரண்டு அறைகள் வாடகைக்காரர்களுக்கு. குசினியும் சாப்பாட்டு அறையும் எங்களுக்கு. நடுவில் இருந்த வழியைப் பலகை வைத்து ஆணியடித்து, இந்தப் பக்கம் அலுமாரியை நிறுத்தினோம். முன்வாசல் அவர்களுடையது. நாங்கள் போய்வர, வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவே கழிவுநீர்க் கான் ஓடும் சந்து. ஒரு ஆள் நேராகப் போகலாம். குடை விரித்தால் முட்டும்.

வந்தவர்கள் யாழ்ப்பாணத்து இளம் தம்பதி. சிவரூபன் டவுனில் ஒரு நிதிக் கம்பெனியில் வேலை. அவன் மனைவி வாணி ஆஸ்பத்திரியில் தாதி. ஒழுங்கான பிள்ளைகள். வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. அவர்கள் வறுத்தரைக்கும் மிளகாய்த்தூள் வாசம் பலகை இடுக்கு வழியாக வந்து எங்கள் பருப்பைச் சாப்பிடவிடாது. வாணி சில நாள் ஒரு கிண்ணம் கறியைச் சந்து வழியாகக் கொண்டு வந்து தருவாள்.

மனோகரன் கண்டியில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். இரண்டு அளவு பெரிய சீருடை. பகல் முழுவதும் புகைக்குள் நிற்பார். மை வாசம் போய்ப் பெற்றோல் வாசம் வந்தது. கூடவே இருமலும் வந்தது.

இருமல் வரும்போது தலையணையை வாயில் அழுத்திக்கொள்வார். பலகைக்கு அந்தப் பக்கம் கேட்கக்கூடாதாம். நடையைக்கூட மெதுவாக்கிக்கொண்டார். தான் கட்டிய வீட்டில் அவர் குதி தரையில் படாமல் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் வாணி சந்தில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, இருமல் வந்தா நல்லா இருமுங்கோ. எங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. ஆனா ஒருக்கா வந்து மார்பு படம் எடுங்கோ. நான் கூட்டிக்கொண்டு போறன்."

"சரிம்மா, லீவு கெடைச்சதும் வாரேன்" என்றார்.

லீவு எடுத்தால் அன்றைய சம்பளம் இல்லை. அதனால் லீவு கிடைக்கவேயில்லை. கடைசியில் வேலை செய்யும் இடத்திலேயே விழுந்து, முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். மார்பு படம் அங்கேதான் எடுத்தார்கள். அதைப் பார்த்த டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுப் பேசினார்.

வேன் காத்து நின்றது

அந்தப் பின்வாசலுக்கு வருகிறேன்.

நான் சிவரூபனுக்கு ஃபோன் எடுத்தேன். அவன் கம்பெனிக் கந்தோரில் இருந்தான்.

"தம்பி, அண்ணன் போயிட்டாரு."

"நான் இப்ப வெளிக்கிட்டு வாறன் அக்கா."

"வரலாம் தம்பி. அதுக்கு முன்ன ஒண்ணு கேக்கணும். அவர வீட்டுக்குக் கொண்டு வரணும். பின்பக்கம் பெட்டி திரும்பாது. ஹோல ரெண்டு நாளைக்குத் தருவீங்களா?"

"இதையேன் அக்கா கேக்கிறியள். உங்கட வீடெல்லோ."

"வீடு எங்களோடது. ஹோல் ஒங்களுக்குக் குடுத்தது."

வாணி அப்போது ஆறு மாதக் கர்ப்பம். அவன் என்ன யோசிக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் பிணம் வைக்கக் கேட்கிறேன்.

"வாணியோட ஒருக்கா கதைச்சிட்டு எடுக்கிறன் அக்கா" என்றான்.

ரவி தெல்தெனியப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காலையில்தான் வந்து சேர்ந்திருந்தான். நான் பேசியதெல்லாம் கேட்டு அவன் முகம் கறுத்துவிட்டது.

"அவன் மாட்டேன்னா என்ன பண்ணுவ?"

"மண்டபத்துக்குப் போவோம்."

"சொந்த வீடு இருக்கையில அத்தானக் கொண்டு போயி வாடகை எடத்துல கெடத்துறதா? தோட்டத்து ஆளுங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

"நம்ம வீடும் வாடகை எடம்தான் ரவி."

அவன் தூரப் போய் மதிலில் சாய்ந்து நின்றான். வேன்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் இன்னொரு வேன் வந்து இடம் கேட்டு ஹோர்ன் அடித்தது. மண்டபத்துக்கு நாள் வாடகை எவ்வளவு என்று விசாரித்தேன். அவர் சொன்னார். குளிரூட்டி போட்டால் கூட, போடாவிட்டால் குறைய. கையில் இருந்தது எதற்கும் போதாது. மனோகரனின் சம்பள நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

ஃபோன் அடிக்கவில்லை. வாணியே வந்தாள். வெள்ளைச் சீருடையோடு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வார்டுப் பக்கப் படிகளில் மெல்ல இறங்கி வந்தாள்.

"ரூபன் முன்னுக்குப் போயிட்டார் அக்கா, சாமான் ஒதுக்க. நீங்க அண்ணையைக் கொண்டு போங்கோ."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

"நான் வீட்டை வரேலாது அக்கா. எனக்குப் பயமில்லை, இங்க நான் பாக்காத சாவோ. ஆனா அம்மாவுக்குத் தெரிஞ்சா யாழ்ப்பாணத்திலயிருந்து அழுதுகொண்டு வந்திடுவா. கொஞ்ச நாள் என்னோட வேலை செய்யிற பிள்ளையின்ர வீட்டில இருக்கிறன். அண்ணையை இங்கயே பாத்திட்டுப் போறன்."

உள்ளே போனாள். நான் வாசலில் நின்றேன். அவள் வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. "தாடையைக் கட்டியிருக்கிறன் அக்கா. சரியாக் கட்டேல்லை அவை" என்றாள்.

நல்ல திரை

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சிவரூபன் தனியாளாகச் சோபாவையும் ரிவியையும் அறைக்குள் தள்ளிவிட்டு, தரையைக் கூட்டிக்கொண்டிருந்தான். கழுத்தில் டை அப்படியே தொங்கியது. அவர்களுடைய கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றியிருந்தான்.

பெட்டி முன்வாசலால் உள்ளே போனது. ஆறு பேர் தூக்கினார்கள். எங்கும் இடிக்காமல், திருப்பாமல், நேராகப் போய் நடுக்கூடத்தில் வைத்தார்கள். சுற்றிலும் ஆட்கள் நிற்க இடமிருந்தது. எனக்கு அவருடைய மாமன்மார் ஞாபகம் வந்தது. பார்த்ததில்லை அவர்களை.

மழை பிடித்துக்கொண்டது. வந்தவர்களுக்குப் பிளேன் டீ குசினியிலிருந்து கூடத்துக்கு வர வேண்டும். நடுவில் பலகை. மாலினி கொழும்பிலிருந்து வந்து இறங்கியதும் முதல் வேலையாக டீத் தட்டைத் துவாயால் மூடிக்கொண்டு, சந்து வழியாக நனைந்துகொண்டு சுற்றி வந்தாள். இரண்டாம் தட்டு வரும்போது ரவி அலுமாரியை இழுத்துப் போட்டான். அலவாங்குக் கம்பியை விட்டு நெம்பிப் பலகையைப் பெயர்த்தான். யாரையும் கேட்கவில்லை. சிவரூபன் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தான்.

தெரு முனை வீட்டு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். மூக்கைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"மனோகரன் வீட்ட எவ்வளவு வடிவா வச்சிருந்தாரு. நல்ல திரை போட்டிருக்கீங்க."

அந்தப் பச்சைத் திரையை நானும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

தவணை

கருமாதி முடியும்வரை சிவரூபனும் வாணியும் திரும்பி வரவில்லை. அந்த நாட்களில் நான் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தேன். சுவரில் மாட்டிய அவருடைய படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. பெரிய இடத்தில் தனியாகப் படுத்தால் தூக்கம் வராது என்பது தெரிந்தது. லயன் காம்பராவில் வளர்ந்த உடம்பு சுவரைத் தேடியது.

மாலினி போகும்போது, "அவங்கள அனுப்பிட்டு முன்பக்கமே இருந்துக்கம்மா" என்றாள். தவணையை யார் கட்டுவது என்று நான் கேட்கவில்லை. பஸ் ஏறும்வரை என் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

காரியம் முடிந்த மறுநாள் நான் அவருடைய படத்தைக் கழற்றிக்கொண்டு பின்னால் போனேன். அன்று திரும்பி வந்திருந்த வாணி தடுத்தாள். "இருக்கட்டும் அக்கா, நாங்களும் ஒரு விளக்கு வைப்பம்." வேண்டாம் என்றேன். பிள்ளை பிறக்கப்போகும் வீட்டில், காலையில் எழுந்ததும் அடுத்தவர் வீட்டுச் செத்தவரின் முகம் எதற்கு? பலகையை நானே தூக்கி நிறுத்தி ஆணியடித்தேன். பழைய ஓட்டைகளில் ஆணி நிற்கவில்லை. புது இடம் பார்த்து அடித்தேன்.

அவருடைய சம்பளமும் அவரோடு போனது. சிறியதுதான். ஆனால் எங்கள் சாப்பாடு அதில்தான் நடந்தது. வங்கிக்குப் போனேன். மிகவும் மரியாதையான இளைஞர். ஆழ்ந்த அனுதாபம் என்றார். தவணையைக் குறைக்கலாம், ஆனால் காலம் நீளும் என்று கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கடன் முடியும்போது எனக்கு என்ன வயதாகும் என்று பார்த்தேன். அவரும் பார்த்தார். உடனே திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதனால் வாடகையைக் கூட்டிக் கேட்டேன். கூடத்தைத் தந்தவர்களிடம் கேட்டேன். வேறு யாரிடம் கேட்க முடியும்? வாணி பிரசவத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தாள். சிவரூபன் விறாந்தையில் சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, வாடகைய கொஞ்சம் கூட்டணும்."

அவன் கிளிப்பைப் போட்டுவிட்டுத் திரும்பினான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு விளங்குது அக்கா. ஆனா எங்களுக்கும் பிள்ளை வருது. வாணிக்கும் கொஞ்ச நாள் சம்பளம் குறையும். யோசிச்சுச் சொல்லுறன்."

சில நாளில் சொன்னான். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் சின்ன வீடொன்று கிடைத்திருக்கிறது, மாதக் கடைசியில் போகிறோம் என்றான். போகும்போது கூடத்தைக் கழுவி விட்டுப் போனான். பச்சைத் திரையைக் கழற்றவில்லை. "அங்க யன்னல் சின்னன் அக்கா" என்றான்.

பெண் குழந்தை பிறந்ததாக வாணி ஃபோனில் சொன்னாள். கூடத்தைத் தந்ததைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு நிபந்தனை

அடுத்து வந்தவர் தெல்தெனியக்காரர், நௌஷாத். டவுனில் ஃபோன் சாமான் கடை. மனைவி, ஒரு மகள், வயதான தாய். கூடத்தை நீளவாக்கில் நடந்து அளந்தார். பலகையைத் தட்டிப் பார்த்தார். நான் சொன்ன வாடகைக்குக் கொஞ்சம் பேரம் பேசி, பிறகு ஒத்துக்கொண்டார். குசினி மேசையில் ஒப்பந்தக் கடதாசியை விரித்தோம்.

"ஒரு விஷயம் இருக்கு தம்பி" என்றேன். "இந்த வீட்ல ஒரு சாவு விழுந்தா, ரெண்டு நாளைக்கு ஹோல ஒழிச்சுத் தரணும். அத இதுல எழுதிக்கணும்."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பின்னால சொகமில்லாத ஆக்கள் யாரும் இருக்காங்களா அக்கா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

அவருடைய மனைவி கதவருகில் நின்றிருந்தார். முந்தானையை இழுத்துத் தலையில் சரிசெய்துகொண்டார்.

"எங்கட உம்மாவும் வயசாளிதான்" என்றார் நௌஷாத். "மௌத்து முன்னுக்கு வருமா பின்னுக்கு வருமான்னு யாருக்குத் தெரியும். எழுதுவம்." பிறகு, வியாபாரி அல்லவா, அதையும் கேட்டார். "அந்த ரெண்டு நாள் வாடகை?"

"கழிச்சிக்குங்க."

தலையாட்டிவிட்டுக் கடைசி வரிக்குக் கீழே எழுதினார். கடதாசியை என் பக்கம் திருப்பினார். 'அவசரத் தேவை ஏற்படின்' என்று எழுதியிருந்தார். என் முகத்துக்கு முன்னால் சாவு என்று எழுதக் கூசி அப்படி எழுதியிருப்பார்.

அவசரத் தேவை என்றால் நாளைக்கு யாரும் எப்படியும் அர்த்தம் சொல்லலாம். கேட்கும்போது நான் இருக்க மாட்டேன். மாலினிதான் அந்தப் பின்வாசலில் நின்று கேட்க வேண்டியிருக்கும்.

பேனையை வாங்கி அந்த இரண்டு சொற்களையும் வெட்டினேன். மேலே 'மரணம்' என்று எழுதினேன். பக்கத்தில் அவர் ஒரு கையெழுத்து வைத்தார், நான் ஒன்று வைத்தேன்.